தம்பி ஏன் அக்காவைப் போல இல்லை?

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6 வயது. மகள் யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்வாள். மகனோ புது இடம், புது முகம் என்றாலே என் பின்னால் ஒளிந்துகொள்கிறான். பிறந்தநாள் விழாவுக்கு அழைத்துப்போனால் வாசலிலேயே அழுகை. வகுப்பில் கேள்வி கேட்டால் மட்டும் மெல்லப் பதில் சொல்வதாக ஆசிரியை சொல்கிறார். வீட்டிலோ தாத்தாவிடம் வாய் ஓயாமல் பேசுகிறான். கைக்குழந்தையாக இருந்தபோதே சின்னச் சத்தத்துக்கும் வீறிட்டு அழுவான். அவனுக்கு எட்டு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். பகலில் என் அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இப்படி ஆகிவிட்டான் என்று மாமியார் சொல்கிறார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் கணவர். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இப்போதும் அவன் அழுவான் என்பதால், அவன் பார்க்காத நேரத்தில்தான் அலுவலகம் கிளம்புகிறேன். சில நாட்களில் பொறுமை இழந்து கத்தியும் விடுகிறேன். இருவரையும் ஒரே மாதிரிதானே வளர்த்தேன்? எங்கே தவறினேன்? இனி மாற்ற முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாமியார் ஒரு காரணம் சொல்கிறார், கணவர் ஒரு காரணம் சொல்கிறார், நீங்கள் இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான முதல் விடை, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியிலேயே இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே சின்னச் சத்தத்துக்கும் வீறிட்டு அழுவான் என்கிறீர்கள். அப்போது நீங்கள் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கக்கூடிய வயதும் அதுவல்ல. அந்தச் சுபாவத்தை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அதோடுதான் அவன் பிறந்தான்.

இப்படிப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன். நான்கு மாதக் குழந்தைகளின் கண்ணெதிரே வண்ண பொம்மைகளை ஆட்டிக் காட்டினார்கள். பழக்கமில்லாத குரல்களை ஒலிக்கவிட்டார்கள். புதிய வாசனை ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி, முதுகை வளைத்து, அழத் தொடங்கியது. ஐந்தில் இரண்டு குழந்தைகள் அதே பொம்மையை, அதே குரலை அமைதியாகக் கவனித்தன. மற்றவை இந்த இரண்டுக்கும் நடுவில். அன்று உதறி அழுத குழந்தைகளே இரண்டு வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்குகிறவர்களாக இருப்பது அதிகம் என்று பின்னர் தெரிந்தது. புதிதாக எதைக் கண்டாலும் 'இது ஆபத்தா?' என்று சோதிக்கிற மூளைப் பகுதி அவர்களுக்குச் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது என்பது கேகனின் விளக்கம். இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. விழா நடக்கும் வீட்டு வாசலில் உங்கள் மகனுக்கு நேர்வது இதுதான். அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. உங்களைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

அந்த ஆய்வு அத்தோடு நின்றிருந்தால் உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வழி இருந்திருக்காது. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர வளரத் தொடர்ந்து கவனித்தார்கள். நான்கு மாதத்தில் உதறி அழுதவர்களில் துள்ளித் திரிகிற, எதற்கும் அஞ்சாத பிள்ளைகளாக மாறியவர்கள் மிகக் குறைவு. அதேபோல, ஒவ்வொரு வயதிலும் கடுமையான அச்சத்தோடே நீடித்தவர்களும் சிறுபான்மையினர்தான். பெரும்பாலோர் நடுவில் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனால் வகுப்பில் உட்காருகிறார்கள், நண்பர்கள் இருக்கிறார்கள், வேலைகள் நடக்கின்றன. பிறவிச் சுபாவம் ஒரு குழந்தை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு தூரம் போகும் என்பதை அது மட்டுமே முடிவு செய்வதில்லை.

மீதியை எது முடிவு செய்கிறது? நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். 'யார் தவறு?' என்ற கேள்வியை உங்கள் வீட்டில் எல்லோரும் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

முதலில் மரபைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'அப்படியே அவன் பெரியப்பா' என்ற பேச்சும் உங்கள் வீட்டில் விரைவில் வந்து சேரும். ஐம்பது ஆண்டுகளில் நடந்த இரட்டையர் ஆய்வுகள் எல்லாவற்றையும் திரட்டி, நெதர்லாந்தைச் சேர்ந்த டிங்கா போல்டர்மன் தலைமையிலான குழு 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2,748 ஆய்வு வெளியீடுகள், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகள். உடல், மனம் சார்ந்த எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால், மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் மரபோடு தொடர்புடையது என்றது அந்தக் கணக்கு. இதைப் படித்துவிட்டு, 'என் மகனில் பாதி மரபு, பாதி என் வளர்ப்பு' என்று நினைத்துவிடாதீர்கள். பல்லாயிரம் பேரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடும்போது கிடைக்கிற எண் அது. ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு அப்படிப் பிரிக்க முடியாது. ஓர் அறையின் பரப்பளவில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வோம்?

'இருவரையும் ஒரே மாதிரிதானே வளர்த்தேன்' என்கிறீர்கள். உண்மையில் நீங்கள் அப்படி வளர்க்கவில்லை. எந்தத் தாயாலும் அது முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு கையை நீட்டுகிற குழந்தையைப் பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், தூக்குகிறார்கள், பேச்சுக் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தை ஒரு நாளில் பத்துப் பேரோடு பழகிவிடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிற குழந்தையைக் கண்டால் அதே பத்துப் பேரும் 'பாவம், விட்டுவிடுங்கள்' என்று நகர்ந்துவிடுகிறார்கள். குழந்தையின் சுபாவமே தனக்கான சூழலைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வரவழைத்துக்கொள்கிறது. சாண்ட்ரா ஸ்கார், கேத்லீன் மெக்கார்ட்னி என்ற இரு உளவியலாளர்கள் 1983இலேயே இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். நாம் குழந்தையை வளர்க்கிற அதே நேரத்தில், நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் குழந்தையும் நமக்குப் பழக்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மகள் பிறந்த வீடும் மகன் பிறந்த வீடும் ஒரே முகவரிதான், ஆனால் ஒரே வீடு இல்லை. அவள் பிறந்தபோது கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிற இரண்டு பெரியவர்களுக்கு நடுவே ஒரே குழந்தை. அவன் பிறந்தபோது அவனுக்கு முன்பே பேசிவிடுகிற ஐந்து வயது அக்கா இருந்தாள். அவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை அவன் சொல்வதற்குள் அவள் சொல்லியிருப்பாள். அக்காவோடு ஒப்பிட்டுப் பேசப்படாத ஒரு நாள் அவன் வாழ்க்கையில் இருந்திருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். ஒரே வீட்டில் வளர்வது உடன்பிறந்தவர்களைக் குணத்தில் ஒன்றுபோல ஆக்குவதில்லை என்பதை ராபர்ட் ப்ளோமின், டெனிஸ் டேனியல்ஸ் இருவரும் 1987இல் விரிவாக எழுதினார்கள். அப்போது பெற்றோர் பலருக்கு அது அதிர்ச்சி அளித்தது. எனக்கு அது நிம்மதி தருகிற செய்தி. இரண்டு குழந்தைகள் இரண்டு விதமாக இருப்பது வளர்ப்பில் கோளாறு என்பதற்கான அடையாளம் இல்லை.

இளையவன் என்பதால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், கூச்சத்துக்கோ கலகலப்புக்கோ பிறப்பு வரிசையோடு சொல்லத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை.

எட்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பழியை நெஞ்சில் வைத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தக் கேள்விக்காகவே நடத்தப்பட்டது. தாய் பார்த்துக்கொண்டாரா, மற்றவர் பார்த்துக்கொண்டாரா என்பதைவிட, குடும்பச் சூழலும் குழந்தையின் தேவையைத் தாய் உணர்ந்து நடந்துகொள்கிற விதமும்தான் வளர்ச்சியோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தன. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் உங்கள் மகன் யாரிடம் இருந்தான்? தாத்தா, பாட்டியிடம். இன்றும் அவன் வாய் ஓயாமல் பேசுவது அந்தத் தாத்தாவிடம்தான். அது இழப்பில்லை, அவனுக்குக் கிடைத்த வரவு.

ஆரம்ப ஆண்டுகள் முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிகமிக முக்கியம். அவை எதற்காக முக்கியம் என்பதை ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு வேதனையோடு காட்டியது. ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகள். வேளைக்கு உணவும் படுக்கையும் இருந்தன. அழுதால் திரும்பிப் பார்த்து, சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க, 'இவர் என்னுடையவர்' என்று குழந்தை நம்பிக்கொள்ள ஒருவர் இல்லை. அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பிணைப்பு கொள்வதிலும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் ஒரு குழந்தைக்குத் தவறக் கூடாதது இந்த ஒன்றுதான்: தனக்குப் பதில் தருகிற மனிதர். உங்கள் மகனுக்கு அப்படி மூன்று நான்கு பேர் இருந்திருக்கிறார்கள். காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பிய தாயை அந்தக் குழந்தைகளின் நிலையோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். மாமியாரிடம் வாதாட வேண்டாம், ஆனால் இதை நீங்கள் நம்ப வேண்டும்.

'ஐந்தில் வளையாதது' பற்றி: ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுவது உண்மை. அளவு எட்டினால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆத்திரத்தை அடக்குவது, அச்சத்தை மீறிச் செயல்படுவது, யோசித்து முடிவெடுப்பது ஆகியவற்றைக் கவனிக்கிற முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருவரின் குணத்தில் நிகழும் மாற்றங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரிய மாற்றங்கள் 20 முதல் 40 வயதுக்குள் நிகழ்வது தெரிந்தது. உங்கள் மகனுக்கு ஆறு வயதுதான் ஆகிறது.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்ற பழியை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் சொல்வதற்குள் ஒரு சிறு உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டால் உங்கள் மகனுக்குத்தான் நஷ்டம். கேகனோடு பணியாற்றிய டோரீன் ஆர்கஸ், எளிதில் உதறி அழுகிற குழந்தைகளின் வீடுகளுக்கே போய்ப் பார்த்தார். குழந்தை சிணுங்கியதும் ஓடிவந்து தூக்கி, எந்தச் சங்கடமும் அண்டாமல் பார்த்துக்கொண்ட வீடுகளில் அச்சம் கூடுதலாக நீடித்தது. அன்போடு இருந்தும் தேவையான இடத்தில் 'கூடாது' என்று தெளிவாகச் சொன்ன, சின்னச் சின்ன ஏமாற்றங்களைக் குழந்தையே சமாளிக்க இடம் கொடுத்த வீடுகளில் அச்சம் குறைந்தது. இளகிய மனம் கொண்ட தாய்க்கு இது கசப்பாக இருக்கலாம். குழந்தை படும் அவஸ்தையைப் பார்த்துத் தாங்க முடியாமல்தான் நாம் குறுக்கே போகிறோம். குறுக்கே போகிற ஒவ்வொரு முறையும், 'உன்னால் இது முடியாது' என்று அவன் படித்துக்கொள்கிறான்.

இது எவ்வளவு சின்ன இடத்தில் நடக்கிறது என்பதைக் காட்டுகிறேன். தெரிந்தவர் ஒருவர் வழியில் நின்று, குனிந்து, 'உன் பெயர் என்ன தம்பி?' என்று கேட்கிறார். மகன் உங்கள் கையை இறுகப் பிடிக்கிறான், பார்வை தரைக்குப் போகிறது. ஒரு விநாடி. இரண்டாவது விநாடியில் அவன் உதடு லேசாகப் பிரிகிறது. அதற்குள் நீங்கள் அவன் பெயரைச் சொல்லிவிடுகிறீர்கள். கூடவே 'அவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்' என்றும் சொல்கிறீர்கள். கேட்டவர் தலையில் தட்டிவிட்டு உங்களோடு பேசத் தொடங்குகிறார். மூன்று பேருக்கும் நிம்மதி. ஆனால் அந்த இரண்டு விநாடியில் உங்கள் மகனுக்கு இரண்டு பாடங்கள் கிடைத்துவிட்டன. பேசாமல் இருந்தால் அச்சம் தானாக நீங்கிவிடும் என்பது ஒன்று. 'நான் கூச்ச சுபாவம்' என்பது மற்றொன்று.

அடுத்த முறை பேசாமல் இருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து விநாடி மிக நீளமாகத் தோன்றும், கேட்டவர் நெளிவார், நெளியட்டும். அவன் சொல்லிவிட்டால் கைதட்டிக் கொண்டாட வேண்டாம், வழக்கமான பேச்சாகத் தொடருங்கள். சொல்லவில்லை என்றால், 'அவனுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், பிறகு சொல்வான்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். 'கூச்ச சுபாவம்' என்று சொல்வதற்கும் 'நேரம் வேண்டும்' என்று சொல்வதற்கும் குழந்தையின் காதில் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது அவன் எப்படிப்பட்டவன் என்று தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாவது அவன் இப்போது எங்கே நிற்கிறான் என்று சொல்கிறது. வீட்டில் 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல்லை யார் பயன்படுத்தினாலும், விளையாட்டுக்கு என்றாலும், அது நின்றுவிட வேண்டும். இந்த ஒன்றில் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

கணவர் இதைப் படித்துவிட்டு, 'நான் சொன்னேன் அல்லவா, தூக்கி நடுவில் விட்டால் தானாகப் பழகிவிடுவான்' என்று சொல்லக்கூடும். அதுவும் சரியில்லை. அழ அழ விழாக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டால், அச்சம் நியாயமானதுதான் என்றே அவன் உடல் நினைவில் வைத்துக்கொள்ளும். நியூயார்க்கில் 1956இல் தொடங்கி 133 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர், இப்படி மெல்லப் பழகுகிற குழந்தைகளைத் தனி வகையாகவே அடையாளம் கண்டார்கள். சுமார் 15 சதவீதம் பேர் அப்படி. எந்தச் சுபாவமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை, குழந்தையின் சுபாவமும் பெரியவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதுதான் பின்னாளைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. என் தொழில் வாழ்க்கையில் எனக்கு அதிகம் கைகொடுத்த கருத்து இது. மெல்லப் பழகுகிறவனுக்கு இரண்டு தேவை: அவகாசம் வேண்டும், ஆனால் விலக்கு வேண்டாம்.

அடுத்த பிறந்தநாள் விழாவுக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். வீடு காலியாக இருக்கும், சத்தம் இருக்காது. யார் வீடு, யாரெல்லாம் வருவார்கள், எவ்வளவு நேரம் இருப்போம் என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள். முதல் அரைமணி நேரம் உங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இருக்கட்டும். இப்படிப்பட்ட குழந்தைகள் பார்த்துப் பார்த்துத்தான் பழகுவார்கள், அந்தப் பார்வையும் பங்கெடுப்புதான். பலூன்களை எடுத்துவைப்பது, தட்டுகளை அடுக்குவது போன்ற சிறு வேலை ஒன்றைக் கொடுங்கள்; கைக்கு வேலை இருந்தால் முகத்தின் இறுக்கம் தளரும். கிளம்புவதை மட்டும் அவன் அழுகிற நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் அடங்கி, ஒரு சின்ன விளையாட்டையாவது பார்த்து ரசித்த பிறகு கிளம்புங்கள். அச்சத்தின் உச்சத்தில் வெளியேறினால் தப்பித்தோம் என்ற நினைவு மட்டும் தங்கும். அடங்கிய பிறகு வெளியேறினால், இருந்து பார்த்தோம் என்ற நினைவு தங்கும்.

அவன் பார்க்காத நேரத்தில் அலுவலகம் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் நான் மாற்றச் சொல்கிற முதல் பழக்கம் இதுதான். மூன்று முதல் ஐந்து வயதுள்ள 28 குழந்தைகளை வைத்து செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதலில் வரைவதற்குப் பழைய கிரேயான்களைக் கொடுத்து, 'கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்' என்றார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் 'மன்னித்துக்கொள், இல்லை' என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு எல்லோர் முன்பும் மார்ஷ்மெல்லோ என்ற இனிப்பு ஒன்றை வைத்து, 15 நிமிடம் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். பொறுமை, தன்னடக்கம் என்று நாம் பிறவிக் குணமாக நினைக்கிற ஒன்று, எதிரே நிற்கிற பெரியவரை நம்பலாமா என்ற கணக்கைப் பொறுத்து இவ்வளவு மாறுகிறது.

அம்மா எந்த நிமிடத்திலும் காணாமல் போய்விடலாம் என்று தெரிந்த குழந்தை, அவள் இருக்கும்போதும் நிம்மதியாக விளையாடாது. ஒரு கண் எப்போதும் அவள்மேலேயே இருக்கும். அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழுவான், முதல் வாரம் நிறையவே அழுவான். 'அலுவலகம் போகிறேன், நீ மாலை பால் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுவேன்' என்பதுபோல அவனுக்குப் புரிகிற நேரத்தைச் சொல்லி, ஒருமுறை அணைத்துவிட்டு, திரும்பி வராமல் போய்விடுங்கள். வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தால் அழுகை நீளும். தாமதமாகும் நாளில் தொலைபேசியில் அவனிடமே சொல்லுங்கள்.

கத்திவிடுகிறேன் என்று வருந்துகிறீர்கள். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாயையும் கைக்குழந்தையையும் நொடி நொடியாகப் படம்பிடித்துப் பார்த்தார். நல்ல உறவில் இருக்கிற தாயும் குழந்தையும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. தவறவிடுகிறார்கள், பிறகு சரிசெய்துகொள்கிறார்கள். அப்படிச் சரிசெய்துகொள்வதில்தான் குழந்தையின் நம்பிக்கை வளர்கிறது. கத்திய பிறகு நீங்கள் மௌனமாக இருந்துவிடுகிறீர்களா, அவனிடம் போய்ப் பேசுகிறீர்களா? 'நான் சத்தம் போட்டுவிட்டேன், நீ பயந்துவிட்டாய், அது என் தப்பு, இப்போது கோபம் இல்லை' என்று நான்கு வார்த்தை சொல்லுங்கள். கூடவே ஒன்றை மனதில் வையுங்கள். அச்ச சுபாவமுள்ள குழந்தைகளுக்கு மென்மையான கண்டிப்பே மனசாட்சியை நன்றாக வளர்க்கிறது என்று கிராசினா கோசான்ஸ்கா 1990களில் செய்த ஆய்வுகள் காட்டின. உங்கள் மகளுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டிய இடத்தில் இவனுக்கு உங்கள் முகம் மாறினாலே போதும். அதற்குமேல் குரலை உயர்த்தினால், எதற்காகத் திட்டு வாங்கினோம் என்பது அவன் நினைவில் நிற்காது, குரல்தான் நிற்கும்.

மருத்துவரிடம் போக வேண்டுமா? உங்கள் மகன் வகுப்பில் கேட்டால் பதில் சொல்கிறான், வீட்டில் தாராளமாகப் பேசுகிறான். இதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு அவசரம் எதுவும் தெரியவில்லை. வீட்டில் பேசுகிற குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றாலோ, பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலியும் வாந்தியும் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ, முன்பு செய்துகொண்டிருந்தவற்றிலிருந்தே பின்வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம். நெருங்கியவர்களிடம்கூட முகம் பார்த்துப் பழகாத குழந்தை என்றால் வளர்ச்சிப் பரிசோதனை தேவைப்படலாம். உங்கள் மகன் விஷயத்தில் அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. நான் சொன்னவற்றை ஐந்தாறு மாதம் விடாமல் செய்தும் அவன் உலகம் சுருங்கிக்கொண்டே போவதாகத் தோன்றினால், குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரை நேரில் பாருங்கள். அச்சம் அதிகமுள்ள சிறு குழந்தைகளுக்கு, பெற்றோருக்குச் சில அமர்வுகளில் கொடுக்கும் பயிற்சியே நல்ல பலன் தருகிறது. அவனை உட்காரவைத்து என்ன செய்வார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இவ்வளவு நீண்ட கடிதத்தில் மகளைப் பற்றி ஓரிரு வரிதான் இருக்கிறது. சுலபமான குழந்தைகளுக்கு நேர்வது இதுதான்: தொந்தரவு தராததால் வீட்டின் கவனம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. 'நீதான் சமத்து' என்ற பட்டமும் ஒரு பாரம்தான். அழ வேண்டிய நாளில்கூட அவள் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். 11 வயது, உடலும் மனமும் மாறத் தொடங்குகிற வயது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் இருங்கள். அந்த நேரத்தில் தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம். தம்பிக்கு உதவச் சொல்லவும் வேண்டாம். வெளியே யாராவது தம்பியிடம் கேள்வி கேட்டால் அவனுக்குப் பதில் அவள் பேச வேண்டியதில்லை என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கும் அந்த வேலையிலிருந்து விடுப்பு கிடைக்கும்.